கிளட்ச் இல்லாத லொறி

தம்பி,

நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது, முட்டிவலி பழையபடிதான். கடிதத்தைப் பிரித்ததும் நீ தேடுவது இதைத்தான் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். உன் கடிதம் போன கிழமை வந்தது. உங்கப்பாவுடைய அடக்கத்துக்கு வரமுடியாமல் போனதைப் பற்றித்தான் பாதிக்குமேல் எழுதியிருக்கிறாய். முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை என்றால் நீ என்ன செய்ய முடியும்? தந்தி உன் கைக்கு வந்தபோதே இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அதை விட்டுவிடு.

கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருப்பதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அங்கே உனக்குக் கொடுத்திருக்கும் லொறியில் கிளட்ச் இல்லை, கியர் தானாகவே மாறுகிறது, முதல் நாள் ஏறி உட்கார்ந்து இடது காலை எங்கே வைப்பது என்று தேடியபோது அப்பா ஞாபகம் வந்தது என்று எழுதியிருக்கிறாய். நம்முடைய லொறியும் ஒரு காலத்தில் அப்படித்தானே இருந்தது, அதை ஏன் மாற்றினீர்கள், அப்பா ஏன் ஓட்டுவதை விட்டார், எப்போது கேட்டாலும் வேறு பேச்சுக்குப் போய்விடுவாரே என்றும் கேட்டிருக்கிறாய். அப்போது நீ பண்டாரவளையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவில் வந்தபோது ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ கொஞ்சநேரம் என்னையே பார்த்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாய். அன்றைக்கு நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சொல்ல எனக்குக் கஷ்டமாக இல்லை. எதுவும் இப்போது கஷ்டமாக இல்லை.

உங்கப்பாவுக்குக் கால் போனபோது உனக்கு நடக்கத் தெரியாது. நமுனுகுல பக்கத் தோட்டத்தில் அவர் லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பதுளை ஸ்டேஷனுக்கு வருவதும், திரும்பும்போது அரிசி, மாவு, உரம் என்று ஏற்றிப்போவதும்தான் வேலை. ஒரு மழை நாளில் ஃபெக்டரிக்குக் கீழே டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது லொறியைத் தூக்கி வைத்திருந்த ஜக் சேற்றில் சரிந்து, லொறி அவருடைய இடது காலில் இறங்கிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவருக்குத் தோட்டத்தில் ஃபெக்டரி கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். லொறி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். தான் ஓட்டிய லொறியை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு வர, அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டைத் திறந்துவிடுவார். நான் கொழுந்து நிறுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது.

ஊன்றுகட்டையின் அடிக்கு ரப்பர் போட ஒருநாள் பதுளையில் சலீம் நானாவுடைய கராஜுக்குப் போனார். பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி ஆணி அடித்துத் தருவார் நானா. அந்தக் கராஜின் பின்பக்கத்தில்தான் இந்த லொறி நின்றது. கீழ்நாட்டில் பெரிய குளம் கட்ட வந்த ஒரு வெளிநாட்டுக் கம்பனி வேலை முடிந்து போகும்போது ஏலத்தில் விட்டுப்போனது. யார் யாரோ கைமாறி நானாவிடம் வந்து நின்றுவிட்டது. அதை எவரும் தொடவில்லை. ஸ்டியரிங் இடது பக்கம், கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். மலையில் இறங்கும்போது அது தன் இஷ்டத்துக்கு மாறிவிட்டால் என்ன செய்வது என்று ஊர் டிரைவர்மார் எல்லாம் பயந்தார்கள். உங்கப்பா ரப்பர் போட்ட கட்டையை வாங்கிக்கொண்டு சும்மா அந்தப் பக்கம் போயிருக்கிறார். கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்து மேலே ஏறி உட்கார்ந்து, வலது காலை பிரேக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, நான் ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே சொன்னார்.

"ரெண்டு பெடல்தான் இருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கிச் சொன்ன பிறகு லொறியை வாங்க என் தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். காலுக்காகத் தோட்டத்தில் கொடுத்த காசும் அதோடு சேர்ந்து போனது. தோட்டம் கொடுத்திருந்த லயத்துக் காம்பராவை விட்டுவிட்டு ஹாலிஎல ரோட்டில் இப்போது இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தோம். ஒற்றைக் காலோடு ரோட்டில் ஓட்டவிட மாட்டோம் என்று பொலிஸில் முதலில் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு அங்கே ஒரு பெரிய அதிகாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பதுளை டவுனைச் சுற்றி ஓட்டச் சொன்னார். சுற்றி வந்து இறங்கியதும் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் மறிக்கவில்லை.

ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் முன்னால் போகும் பஸ்ஸைக் கடக்க வேண்டுமென்றால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. வலது பக்கம் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் நான் கொழுந்து எடுக்கிற வேலையை விட்டேன். உன்னை மடியில் வைத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டிப் பார்த்து "போகலாம்" என்பேன், இல்லாவிட்டால் "வேணாம்" என்பேன். அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. நான் போகலாம் என்றால் போவார். வெலிமடையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் ஏற்றிப் பதுளைச் சந்தைக்குக் கொண்டுவருவோம். தோட்டங்களுக்கு விறகு இறக்குவோம். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற தோட்டத்துச் சனங்களின் பெட்டிகளையும் பாய்களையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவோம். அந்த ஓட்டத்தில் மட்டும் லொறியில் யாரும் பேசமாட்டார்கள்.

அந்தக் கியர் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று நானா ஒருமுறை எனக்கும் சொல்லியிருக்கிறார். எஞ்சினையும் கியரையும் சேர்க்கிற தட்டு அதில் கிடையாது. நடுவில் எண்ணெய்தான் இருக்கிறது. எஞ்சின் எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் மறுபக்கத்தைத் தள்ளும். உள்ளே பட்டைகள் இருக்கின்றன. எண்ணெயின் அழுத்தம் ஏற ஏற ஒரு பட்டை விடும், இன்னொன்று பிடிக்கும், கியர் மாறும். "எண்ணெய்தான் இதுக்குக் கால்" என்று உங்கப்பா சொல்வார்.

அந்த எண்ணெய்தான் கிடைக்காமல் போனது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றோம். அரிசி கொண்டுபோகிறோமா என்று ரோட்டில் மறித்து மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். தோட்டத்துச் சனம் கிழங்குத் தோலைக்கூட வீசாமல் அவித்துச் சாப்பிட்டது. அப்படிப்பட்ட காலத்தில் அமெரிக்க லொறிக்கு என்று ஒரு சிவப்பு எண்ணெய் எங்கே கிடைக்கும்? கிடைத்த எண்ணெயை ஊற்றி ஓட்டினார். முதலில் கியர் மாறும்போது ஒரு தயக்கம் இருந்தது. பிறகு மேட்டில் எஞ்சின் கத்தும், லொறி ஏறாது. பிறகு கருகிய வாசம் வரும். வாசம் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு ஆறும்வரை உட்கார்ந்திருப்போம். அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருப்பார்.

சலீம் நானா அதைக் கழற்றி இறக்கிச் சாக்கின்மேல் பரப்பினார். பட்டைகள் எல்லாம் கருகிப் போயிருந்தன. பிரேக்குக்குப் போடுகிற லைனிங்கை வெட்டி, பட்டைகளில் ரிவட் அடித்து மறுபடியும் பூட்டினார். அது நொண்டி நொண்டி ஓடியது. பாரம் ஏற்றினால் இழுக்காது. அப்போதுதான் அதே கம்பனி விட்டுப்போன இன்னொரு லொறி மொனராகலைப் பக்கத்தில் காடு வெட்டிப் பயிரிட்ட ஒரு சேனையில் செத்துக் கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எஞ்சின் வெடித்த லொறி, ஆனால் கியர் பெட்டி நல்லாயிருக்கக்கூடும். கீழே இறங்குகிற ரோடுதானே, வெறும் லொறியாக எப்படியும் போய்விடலாம், அங்கேயே வைத்து மாற்றிக்கொண்டு வரலாம் என்று நானாவையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மாற்ற முடியாவிட்டால் அந்த மலையைத் திரும்பி ஏற முடியாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அந்த லொறி ஒரு புளியமரத்துக்குக் கீழே நின்றது. சோமபால என்ற விவசாயியின் காணி. பின்பெட்டியில் அவர் சோளம் காயப்போட்டிருந்தார். முன்னால் கோழிகள் அடைந்தன. முதலில் அவர் தரமாட்டேன் என்றார். அது அவருடைய அண்ணன் வாங்கிய லொறி, அண்ணன் காய்ச்சலில் செத்துப்போனார், அதனால் அதில் கைவைக்க மனமில்லை என்றார். உங்கப்பா சரி என்று திரும்பி நடந்தார். மணலில் கட்டை புதைந்து புதைந்து எழும்பியது. சோமபால அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பின்னாலேயே வந்து, இந்த லொறியை ஓட்டுகிறது யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றார் இவர். எப்படி என்று கேட்டார் அவர். உங்கப்பா அவரைக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து இரண்டு பெடலைக் காட்டினார். அவ்வளவுதான். சோமபால போய்க் கோழிகளை விரட்டிவிட்டு, முன்பெட்டியைத் தானே துடைக்கத் தொடங்கிவிட்டார்.

புளியமரக் கிளையில் சங்கிலி கட்டித்தான் கியர் பெட்டியை இறக்கினார்கள், ஏற்றினார்கள். வெயில் தாங்க முடியாது. நான் சோமபாலவின் மனைவியோடு சேர்ந்து சமைத்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் சந்தை அளவுக்குத்தான். இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டு ஆம்பிளைகள் லொறிக்குக் கீழே படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம். மாற்றி முடித்து, லொறி பின்னாலும் முன்னாலும் நகர்ந்ததும் நானா பீடி பற்ற வைத்தார். கைமாறாக சோமபாலவுடைய பூசணிக்காய்களைப் பதுளைச் சந்தைக்கு ஏற்றிவந்து கொடுத்தோம். அந்தப் பூசணிப் பாரத்தோடு லொறி மலை ஏறியது. உங்கப்பா வழியெல்லாம் பாடினார். அவர் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான் கடைசி.

அந்தப் பெட்டி அடுத்த மழைக்காலம் வரை வந்தது. வெலிமடையில் கிழங்கு ஏற்றிக்கொண்டு வரும்போது, ஹாலிஎலவுக்கு மேலே ஒரு மேட்டில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் தனியாகச் சுற்றியது. லொறி நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. சாதாரண லொறி என்றால் கியரில் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இதில் பிடிக்க உள்ளே ஒன்றுமில்லை. பிரேக்கை அவர் மிதித்துக்கொண்டிருக்க நான் குதித்து ரோட்டோரக் கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு வைத்தேன். முதல் கல் நொறுங்கியது. இரண்டாவது தாங்கியது. பாரம் இறக்குகிற முனியாண்டி மூட்டைமேல் படுத்திருந்தவன், அவனும் குதித்து இன்னொரு கல்லைப் போட்டான். உங்கப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கல் பிடித்துவிட்டது, இறங்குங்கள் என்று நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

நானா வந்து பெட்டியின் அடியைத் திறந்தார். எண்ணெயோடு சேர்ந்து இரும்புத் தூள் கொட்டியது. அதைக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "டிரைவர், இனி இதைத் திறக்க வேணாம். உள்ளுக்கு ஒண்ணும் மிச்சமில்ல" என்றார்.

கராஜில் அதே இனத்து லொறி ஒன்றின் கைக்கியர் பெட்டி கிடந்தது. அதைப் பூட்டலாம், கிளட்ச் தட்டும் கிளட்ச் பெடலும் வைக்க வேண்டும், தண்டை லேத்தில் கொடுத்து அளவாக்க வேண்டும். லொறி ஓடும். ஆனால் யார் ஓட்டுவது என்று நானாவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உங்கப்பா கராஜில் ஒரு டயர்மேல் உட்கார்ந்து அவர்கள் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்ச் பெடலுக்கு அடித்தட்டில் துளை போடும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு, கிளட்சைக் கையால் இழுக்கிற மாதிரி ஒரு இரும்புக் கம்பி ஒட்டித் தரமுடியுமா என்று கேட்டார். நானா ஒட்டிக் கொடுத்தார்.

சமதரையில் அவர் அதை ஓட்டிவிட்டார். இடது கையால் கம்பியை இழுப்பார், வலது கையால் கியரை மாற்றுவார், அந்த நேரத்துக்கு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மறுபடியும் பிடிப்பார். எனக்கு நம்பிக்கை வந்தது. கராஜுக்கு மேலே தேயிலைக்குள் போகிற ரோட்டில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். முதல் கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு கை கம்பியில், ஒரு கை கியரில். வளைக்கக் கை இல்லை. லொறி நேரே போனது. ரோட்டோரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கினார்கள். அவர் பிரேக்கைப் போட்டார். முன்சக்கரம் தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெண்பிள்ளை செடிக்குள்ளேயே நின்றுகொண்டு எங்களைப் பார்த்தாள், பிறகு புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உங்கப்பா அவள் வளைவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறந்து, கட்டையை முதலில் கீழே போட்டுவிட்டுத் தானும் இறங்கினார். லொறியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார்.

"நீ அந்தப் பக்கம் ஏறு."

எனக்கு ஓட்டத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும். சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்தால் நமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். நான் அந்தப் பக்கம் ஏறினேன். அவர் என் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஏசவில்லை, அவசரப்படுத்தவில்லை. கால் போவதற்கு முன்னால் கிளட்ச் லொறி ஓட்டியவர்தானே, எல்லாம் ஞாபகம் இருந்தது. நான் கிளட்சை மிதிக்கிற ஒவ்வொரு முறையும் அவருடைய வெட்டுப்பட்ட இடது காலின் மிச்சம், சாரத்துக்குள்ளே, கூடவே அசையும். அவருக்கு அது தெரியாது. நான் பார்த்தும் சொல்லவில்லை. சேலைக்குமேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, சீட்டில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினேன். லைசன் எடுக்கப் போனபோது சோதிக்க வந்தவர் என்னை வளைவில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பயமாக இருந்ததா, பெருமையாக இருந்ததா என்று நீ கேட்பாய். ஒன்றும் இருக்கவில்லை. சோறு வடிக்கிற மாதிரி ஒரு வேலையாகத்தான் இருந்தது.

வெலிமடைக்கு முதல் தடவை போனபோது மரக்கறி வியாபாரி லொறிக்குள் எட்டிப் பார்த்து டிரைவர் எங்கே என்று கேட்டார். சுற்றி ஆட்கள் நின்றார்கள். நான் பதில் சொல்வதற்கு முன்னால் உங்கப்பா சொன்னார்.

"இவங்கதான் டிரைவர். நான் கிளீனர்."

சிரிக்காமல் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து அந்தச் சந்தையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அவர் பேச்சு குறைந்துவிட்டது. வலது பக்கம் உட்கார்ந்து "போகலாம்", "வேணாம்" என்று சொல்வதோடு சரி. மனசு கஷ்டமாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணும் தெரியல. காலை வெட்டுன பிறகும் இப்படித்தான் இருந்துச்சு. அழுகை பிறகு ஒருநாள் வந்துச்சு, கேட்டுல நிக்கிறப்ப. இதுவும் வரும்" என்றார். அது வெகுநாள் வரவில்லை. பதுளையில் சலூனுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டிருந்தபோது வந்திருக்கிறது. முகத்தில் பாதி நுரையோடு அழுதிருக்கிறார். கத்தி பட்டுவிட்டதோ என்று பயந்து சலூன்காரர் வெளியே ஓடிவந்து லொறியில் இருந்த என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்ததும் மற்றப் பாதியையும் சவரம் செய்துகொண்டு வந்தார். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. நீ பெரியவனாகிப் பார்த்த அப்பா அதற்குப் பிறகு இருந்தவர்.

அவர் எப்படிப் போனார் என்று தந்தியில் எழுத இடமில்லை. வெலிமடையில் லீக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தோம். காலையில் நெஞ்சு எரிகிறது என்றார், ஒரு பிளேன்டீ குடித்தார், சீட்டில் சாய்ந்துகொண்டார். நான் பின்னால் நின்று கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனியாண்டிதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனான். திரும்பி வந்து, "அக்கா, அண்ணன் எழும்புறாரில்ல" என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வரும்போதே போய்விட்டார் என்று டொக்டர் சொன்னார். மரணத்தை எழுதித் தருகிற கடதாசியைத் தந்தார்கள். முனியாண்டியை நடுவில் உட்காரவைத்து அவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். லீக்ஸை இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏற்றியது ஏற்றியபடியே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். கியர் மாற்றும்போது அவர் சாய்ந்துவிடாமல் மெதுவாக மாற்றினேன். அன்றைக்கு முழுவதும் வாசலில் லீக்ஸ் வாசம் அடித்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் அதை மூக்கால் தேடினார்கள், கேட்கவில்லை.

சவப்பெட்டியையும் நம் லொறியில்தான் கொண்டுபோனோம். வேறு ஆளை ஓட்டச் சொல்லலாம் என்று மாதா கோயில் சுவாமியார் சொன்னார். நான் ஓட்டினேன். சலீம் நானா கராஜைப் பூட்டிவிட்டு வந்து, கல்லறை வரைக்கும் லொறிக்கு முன்னால் நடந்தார். மேட்டில் முதல் கியரில் ஏற்றும்போது, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டு, எனக்குத் தலையை ஆட்டினார். எல்லாரும் அழுதார்கள். சலூன்காரர்கூட அழுதார். எனக்கு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சில பெண்கள் பேசியதும் என் காதில் விழுந்தது. அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

மறுகிழமை ஓட்டம் தொடங்கிவிட்டேன். பண்டாரவளை ரோட்டில் ஒரு பஸ் முன்னால் போனது. கடக்க இடம் இருந்திருக்கும். வலது பக்கம் ஒருவரும் இல்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன், அது நிற்கிற இடமெல்லாம் நானும் நின்றேன். முனியாண்டி கூரையில் தட்டி என்ன என்று கேட்டான். மறுநாளிலிருந்து அவனை முன்னால் உட்காரவைத்துவிட்டேன். அவன் சொல்லும் "போகலாம்" கொஞ்சம் பிந்திதான் வரும். பழகிவிடும்.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மேட்டில் நிற்கும்போது பெற்றோலைக் கொடுத்து வண்டியைப் பிடித்து வைத்திருக்காதே, பிரேக்கைப் பிடி. எண்ணெய் சூடேறினால் உள்ளே பட்டை கருகும். கருகிய வாசம் ஒருமுறை வந்தால் முதலாளியிடம் சொல்லு. ஏசினாலும் சொல்லு. அந்த வண்டி உன்னுடையதில்லை, ஆனால் அதற்குள் இருப்பது நீ. ரோட்டில் பிள்ளைகள் நடந்தால் வேகத்தைக் குறை. உன்னால் முடியாத ஒன்றை முடியும் என்று யாருக்கும் காட்டப் போகாதே. உங்கப்பா ஒருநாள் காட்டப் பார்த்தார், ஒரு வளைவுக்குமேல் அதைத் தொடரவில்லை. அவரைப் பற்றி நினைக்கும்போது அந்த இடத்தைத்தான் நீ நினைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வந்துவிடவா, நீங்கள் தனியாக இருக்கிறீர்களே என்று கேட்டிருக்கிறாய். இப்போது வராதே. இப்போது நீ வந்தால் நான் உனக்குச் சோறு போடுவேன், லொறியைக் கழுவுவேன், உன்னோடு உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல் இருப்பேன். நீ பயந்துபோவாய். உங்கப்பாவுக்கு வந்த மாதிரி எனக்கும் அந்த அழுகை ஒருநாள் வரும். எங்கே வரும் என்று தெரியாது, சந்தையிலா, கல்லைத் தூக்கி வைக்கும்போதா, சும்மா சட்டையைத் துவைக்கும்போதா. வந்த அன்றைக்கு முனியாண்டியை அனுப்பித் தந்தி அடிக்கச் சொல்கிறேன். அன்றைக்குப் புறப்பட்டு வா.

அம்மா